காதில் விழுந்த இருமல்

மாஸ்டர் என்று சொன்னால் அந்தப் பகுதியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் ஒருவரைத்தான் குறிக்கும். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களைக்கூட அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. தெருவில் போகிற கார்களில் பாதியை ஓட்டுகிறவர்கள் அவரிடம் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவர்கள். சிக்னலில் நிற்கும்போது அவரைப் பார்த்துவிட்டால் அவசரமாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்வார்கள். அதட்டத் தெரியாத மனிதர். புதிதாக வந்து உட்காருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பயமா இருந்தா சொல்லிடு. பயத்தை மறைச்சுட்டு ஓட்டுறவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

அவருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அவரும் படவில்லை.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆள் மாத்தி ஆள் என்னைக் கொல்லப் பாக்குறாங்க. பிரஷர் எனக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு தங்கைக்குப் போன் போட்டுச் சிரித்தார். மாத்திரை அட்டையைக் கண்ணுக்கு எட்டக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

மறுமுனையில் தங்கை துள்ளாத குறை. "அண்ணா, இது என் மாத்திரைண்ணா."

"உனக்குமா பிரஷர்?"

"அது இல்ல. நான் வேலை பாக்குறேன்ல, கிட்னில ஒரு நொதி. அதை அடைக்கிற மாத்திரைதான் இது. நல்ல மாத்திரை. ஒரு நாள்கூட விட்டுடாத."

அன்றைக்கு ஆரம்பித்தது. "இது என் தங்கச்சியோட மாத்திரை" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் மாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். கிளட்ச்சைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும் மாணவனிடம்கூடச் சொன்னார்.

தங்கையை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அண்ணன்தான் வளர்த்தார். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வந்த மறுநாளே அவள் தலையில் பேன் பார்க்க உட்கார்ந்தவர் அண்ணி. பிறகு அந்த வீட்டில் குழந்தை பிறக்கவில்லை. சின்னவள்தான் பிள்ளை. மேலே படித்து, ஆராய்ச்சி செய்து, ரயிலில் அரை நாள் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கென்று ஒரு ஆய்வகமும் மாணவர்களும் வந்த பிறகும் அண்ணி அவளைக் கேட்கிற முதல் கேள்வி "தலைக்கு எண்ணெய் வச்சியா?" என்பதுதான்.

ஆய்வகத்தில் அவள் வேலை பன்றிச் சிறுநீரகங்களோடு. கசாப்புக் கூடத்திலிருந்து காலையில் ஐஸ் பெட்டியில் வரும். வெளிப்புறத் தோலை உரித்து, மேல் சதையை மட்டும் சீவி எடுத்து, குளிர் அறையில் அரைத்து, சுழற்றும் இயந்திரத்தில் போட்டுப் பல தடவை சுற்றினால் குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் தங்கும். கிண்ணம் கிண்ணமாகப் போட்ட சதையிலிருந்து ஒரு விரல்நகம் அளவு. அதுதான் செல்களின் சவ்வு. சிறுநீரகத்து நுண்குழாய்களின் உட்புறத்தில், செல்லின் விளிம்பு பிரஷ் மாதிரி மயிர்க்கற்றையாக நிற்கும். அந்த மயிர்களில் நொதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். போகிற வருகிற சரக்கை வெட்டிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. ஒரு நொதி வெட்டினால் ரத்தக்குழாய் இறுகும். இன்னொன்று வெட்டினால் தளரும். இந்த இழுபறியில்தான் ஒரு மனிதனின் ரத்த அழுத்தம் நிற்கிறது. சின்னவள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் மாஸ்டருக்கு இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் யாரோ இறகை வைத்து வருடுகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, உடனே வறட்டு இருமல். இரண்டு இருமினால் நிற்காது. கண்ணில் தண்ணீர் வரும்வரை விடாது.

வீட்டில் இருமினால் பரவாயில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்து இருக்கையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்கள். ஒருவர் மரியாதையாக, "மாஸ்டர், எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்று கேட்டார். பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு எப்போதும் நடுக்கம். மாஸ்டர் தொண்டையைச் செருமினாலே தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து பிரேக்கை மிதிப்பாள். ஒரு நாள் வண்டிகள் நெருக்கியடித்து ஓடும் சாலையில் அவருக்கு இருமல் வந்தது. அவள் மிதித்த மிதியில் கார் நட்டுவைத்த மாதிரி நின்றது. பின்னால் வந்த வேன் வந்து இடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தப் பெண் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதாள். மாஸ்டர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொடுத்து, "நீ நல்லாத்தான் மிதிச்ச. நான்தான் தப்பா இருமிட்டேன்" என்றார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்லவர்தான். தன்மையாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் வகுப்பு எடுங்க மாஸ்டர். போர்டுல படம் போட்டு ரூல்ஸ் சொல்லிக்கொடுங்க. இருமல் சரியானதும் வண்டில ஏறலாம்." மாஸ்டர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரின் இடது கால் தரையில் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்ததை அண்ணி பார்த்தார்.

அண்ணி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தார். ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை துணி பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறவர். எதையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. கடைக்குப் பக்கத்தில் மூலிகை விற்கிற ஒருவரிடம் விசாரித்தார். "வறட்டு இருமலா? அதிமதுரம் போதும்மா. கொழந்தைக்கே குடுப்பாங்க" என்று அவர் குச்சிகளைப் பொட்டலம் கட்டிக்கொடுத்தார். அண்ணி அதைத் தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, வடிகட்டி, ஃபிளாஸ்க்கில் ஊற்றி மாஸ்டர் கையில் கொடுத்தனுப்பினார். குடித்தவுடன் தொண்டை நனைந்து குறுகுறுப்பு அடங்கியது. கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆனால் அடங்கியது. சர்க்கரையை விட்டுவிட்ட மனிதருக்கு அந்தத் தித்திப்பும் பிடித்துப்போனது.

"மருந்து கசக்கணும்னு யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு மூடி ஊற்றிக் குடிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போனில் சின்னவளிடம் சொன்னார். "உங்க அண்ணனுக்கு இருமல் விட மாட்டேங்குது. வண்டியிலேருந்துகூட இறக்கிட்டாங்க, தெரியுமா?"

சின்னவள் அப்போது கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை. பின்னணியில் அண்ணன் இருமுவது கேட்டது.

"காருக்குள்ள தூசி அண்ணி. ஜன்னலை மூடிட்டு ஏசி போட்டுக்கறாங்கல்ல, அதான்."

"இப்ப காருக்கே போறதில்லயே."

"சரியாப் போயிடும். கொஞ்ச நாள் ஆகும்."

"நான் கஷாயம் போட்டுக் குடுக்குறேன். கொஞ்சம் கேக்குது."

"நல்லது அண்ணி. குடுங்க," என்றாள் சின்னவள், விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுக்காமலே.

என்ன கஷாயம் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாஸ்டரின் அழுத்தம் குறையவில்லை, ஏறியிருந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"என் தங்கச்சியோட மாத்திரை, டாக்டர். விடுவேனா?"

"உப்பு?"

"சுத்தமா கொறச்சாச்சு," என்றார் அண்ணி.

"வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லையே," என்றார்கள். அது பொய்யே இல்லை. வீட்டில் கொதிக்கவைத்துக் கொடுக்கிறதை மருந்துக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதிமதுரம் உடம்பிலிருக்கும் பொட்டாசியத்தை இறக்கும். அந்த மாத்திரை ஏற்றும். ஒன்று மேலே இழுக்க, இன்னொன்று கீழே இழுக்க, எண் நடுவில் அப்பாவியாக நின்றது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அளவு கூடியதும் இருமல் கூடியது. இருமல் கூடியதும் அண்ணி குச்சிகளையும் கூட்டினார். காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் அச்சுப் பதிந்து கிடந்தது. "பாரு, காலே குண்டாயிடுச்சு. உன் கவனிப்பு அப்படி," என்று மாஸ்டர் மனைவியைக் கேலி செய்தார். அண்ணிக்கும் அது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கவாதம் வகுப்பில் வந்தது. பகல் வேளை. வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் மாணவர்கள். மாஸ்டர் வெள்ளைப் பலகையில் ஒரு ரவுண்டானா வரைந்து, எந்த வண்டிக்கு யார் வழிவிட வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்பு வட்டத்தைச் சுற்றி வராமல் நேராகப் போனது. பலகையைத் தாண்டி, சுவரிலும் போனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் திரும்பினார். முகத்தில் ஒரு பாதி மட்டும் அவர்களோடு சேர்ந்து சிரித்தது. பேனா கையிலிருந்து நழுவியது. "வழி... வழி..." என்று சொல்லிக்கொண்டே அவர் சுவரோடு சரிந்தார்.

சின்னவள் கிடைத்த ரயிலில் ஏறி வந்தாள்.

மாஸ்டருக்கு வலது கையும் காலும் விழுந்திருந்தன. புரிகிறது, ஆனால் சொல் வரவில்லை. 'தண்ணி' என்று கேட்க நினைத்து 'கதவு' என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், தலையை ஆட்டிக்கொள்வார். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மூத்திரப் பையைக் காலி செய்வதிலிருந்து படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவுவதுவரை தானே செய்தார். நர்ஸ், "அம்மா, எங்களுக்கும் கொஞ்சம் வேலை வைங்க" என்றாள். இடையிடையே மாஸ்டருக்கு இருமல் வந்தது. இருமக்கூடப் பலமில்லாமல் இருமினார். சின்னவள் ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. அண்ணன் படுத்திருக்கிறார் என்பதைத் தவிர வேறொன்றும் அவள் மனதில் ஏறவில்லை.

சில நாள் கழித்து விழுங்கிப் பார்க்கச் சொல்லி, இனி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணி அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திறந்ததும் அறையில் ஒரு வாசனை வந்தது. மண் வாசனையும் சர்க்கரை வாசனையும் கலந்த மாதிரி.

"என்ன அண்ணி இது?"

"அதிமதுரம். இருமலுக்கு."

சின்னவள் ஜன்னலை விட்டு வந்தாள். "எத்தனை நாளா?"

"அது கெடக்கு, இருமல் வந்ததுலேருந்து. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அப்புறம் தூங்கப் போறப்ப. இல்லன்னா அவருக்குத் தூக்கமே வராது." ஸ்பூனில் ஊற்றி, ஆற்றுவதற்காக ஊதினார்.

சின்னவளின் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தது. வருஷா வருஷம் அவள் வகுப்பில் சொல்கிற விஷயம் இது. ரத்தக்குழாயை இறுக்குகிற பொருளை உண்டாக்கும் அதே நொதிதான், தொண்டையில் குறுகுறுப்பைக் கிளப்புகிற இன்னொரு பொருளை வெட்டித் தீர்க்கவும் செய்கிறது. நொதியை மாத்திரை அடைத்துவிட்டால் அந்தப் பொருள் தேங்கும், சிலருக்கு வறட்டு இருமல் வரும். சிறுநீரகச் செல்லுக்குள்ளேயே ஒரு சவ்வில் வேறொரு நொதி உட்கார்ந்திருக்கிறது. உடம்பு தேவைக்கு மேல் உப்பைப் பிடித்துவைக்காமல் காவல் காப்பது அது. அதிமதுரம் அந்தக் காவலைத் தூங்கவைத்துவிடும்; உப்பு தேங்கி, காலும் வீங்கி, அழுத்தம் ஏறும். பரீட்சையில் இதைக் கேள்வியாகவே கொடுத்திருக்கிறாள். பதில் எழுதாதவர்களுக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறாள்.

அவள் கையை நீட்டி ஸ்பூனைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அண்ணி."

"ஏன்?"

"இங்க குடுக்குற மருந்தோட சேராது."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்பூனில் இருந்ததைத் திரும்ப ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சின்னவள் டாக்டரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். இளைஞர், கெட்டிக்காரர். பாதியிலேயே புரிந்துகொண்டு நெற்றியைத் தேய்த்தார். மாத்திரையை மாற்றிவிடலாம், இருமல் வராத வகை ஒன்று இருக்கிறது என்றார். "வீட்டுல இருக்கிறவங்களுக்கு நீங்களே சொல்லிடுறீங்களா?" என்று கேட்டார்.

"சொல்றேன்," என்றாள்.

அன்று முழுக்க அவள் சொல்லவில்லை. எப்படி ஆரம்பித்தாலும் அந்த வாக்கியம் 'நீங்க குடுத்ததுதான்' என்ற இடத்தில் போய் முட்டியது. சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்றும் யோசித்தாள். இனிமேல் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, அது போதாதா? ஆனால் மறுநாள் காலை பெரிய டாக்டர் சுற்றி வந்தபோது, குறிப்பைப் புரட்டிவிட்டு, நல்ல மனதோடுதான், அண்ணியிடம் சொன்னார்: "அதிமதுரம் மட்டும் இனிமே வேணாம்மா. இவ்வளவு நாளா பிரஷர் இறங்காததுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த இருமலே மாத்திரையால வந்தது. மாத்திரைய மாத்தியாச்சு, நின்னுடும்." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அண்ணி எழுந்து நடைபாதைக்கு வந்தார். சின்னவள் பின்னாலேயே வந்தாள். சுவரோரமாக ஒரு சக்கர நாற்காலி காலியாகக் கிடந்தது. அண்ணி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நேத்து அண்ணி. நீங்க ஃபிளாஸ்க்கைத் திறந்தப்பதான்..."

"அதைக் கேக்கல. அதிமதுரம் பிரஷரை ஏத்தும்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "படிக்கிற காலத்துலேருந்து."

"மாத்திரையால இருமல் வரும்னு?"

"அதுவும்."

ஒரு ஊழியர் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போகும்வரை இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"நான் போன்ல சொன்னேனே. இருமல் விடலைன்னு சொன்னேன். கஷாயம் குடுக்குறேன்னு சொன்னேன். நீதானே நல்லது, குடுங்கன்னு சொன்ன."

"சொன்னேன்."

"உனக்குக் கேக்கலையா?"

"காதுல விழுந்துச்சு அண்ணி," என்றாள் சின்னவள். "கேக்கல."

அண்ணி தலையாட்டினார், ஏதோ கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி. "நான் தெரியாம செஞ்சேன். நீ..." அவ்வளவுதான். முடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சின்னவளுக்கு இருந்தது. பேன் பார்த்த காலத்தில் தலையை ஆட்டினால் நறுக்கென்று குட்டுவார். அந்த மாதிரி ஒன்று கிடைத்திருந்தால் அழுதிருக்கலாம். அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு உள்ளே போய், பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்து, கணவரின் வலது கையை எடுத்து மடியில் வைத்து, விரல் விரலாக நீவ ஆரம்பித்தார்.

மாத்திரை மாறியது. இருமல் தேய்ந்து தேய்ந்து நின்றது. அழுத்தம் இறங்கி ஒரு இடத்தில் நிலைத்தது. இவ்வளவு சுலபமாக அது இறங்கியதுதான் சின்னவளை மிகவும் வதைத்தது. இறங்க மறுத்திருந்தால், சரி, விதி, வயசு, வேலை என்று ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

மாஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கோலூன்றிக் காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. ஆனால் இனி வண்டியில் ஏறுவது இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி பழக்கூடையோடு வந்தார். பாங்கில் வேலை பார்க்கும் பெண் தன்னந்தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "சக்கரம்... சக்கரம்..." என்றார். சக்கரம் நேராக இல்லை, திருப்பி விடு என்கிறார் என்று அவளுக்கு மட்டும் புரிந்தது. ஓடிப்போய்த் திருப்பிவிட்டு வந்தாள்.

மாஸ்டரிடம் யார் சொல்வது என்று அண்ணியும் சின்னவளும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரு சாயங்காலம் அண்ணியே சொன்னார். சின்னவள் விடுப்பில் வந்து அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுவர் மெல்லியது.

"என்னாலதாங்க," என்றது அண்ணியின் குரல். "நான் குடுத்த கஷாயம்தான் பிரஷரை ஏத்தி விட்டுடுச்சாம். டாக்டரே சொல்லிட்டார்."

பதில் வர வெகுநேரமாயிற்று. சொல் தேடுகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நல்லா... இனிப்பா..." என்றார் மாஸ்டர். பிறகு பெருமுயற்சியோடு, "இருந்துச்சு."

அண்ணி அழுதது சின்னவளுக்குக் கேட்டது. அவள் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். அந்த அறைக்குள் போய் 'அண்ணியால இல்லண்ணா, என்னாலதான்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கென்றே எழுந்தாள். நிலைப்படிவரை போனாள். உள்ளே அவர் இடது கையால் மனைவியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். சரியாக எட்டவில்லை. காதைத்தான் தடவிக்கொண்டிருந்தார். அதற்குள் போய்த் தன் பங்கைக் கொண்டு வைக்க அவளால் முடியவில்லை. திரும்பிவிட்டாள். பிறகு பல தடவை சந்தர்ப்பம் வந்தது. ஒரு தடவை சொல்லியும்விட்டாள், மாஸ்டர் காலுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது. அவர் கேட்டுக்கொண்டு, "நீ... தூரமா... இருந்த" என்றார். மன்னிக்கிறாரா, குறை சொல்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை கேட்கவும் தைரியம் இல்லை.

ஆய்வகத்தில் எல்லாம் பழையபடி நடந்தது. ஐஸ் பெட்டி வந்தது. மாணவர்கள் சீவினார்கள், அரைத்தார்கள், சுழற்றினார்கள். திருத்தி அனுப்பிய கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டு வெளியாகி, நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது அவள் மாணவர்களிடம் ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள்: "நோயாளிகிட்ட, வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களான்னு கேட்டா போதாது. வீட்டுல என்ன குடிக்கறீங்கன்னு கேளுங்க. அப்புறம், அவங்க பதில் சொல்லும்போது கணினியைப் பாக்காதீங்க." மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஏன் அவள் குரல் அப்படி ஆனது என்று அவர்களுக்குத் தெரியாது.

வெயில் காலத்தில் மறுபடி வந்திருந்தாள். அண்ணி அவளிடம் நன்றாகத்தான் பேசினார். சாப்பாடு போட்டார், கட்டிலில் புது விரிப்பு விரித்துக்கொடுத்தார். கடையில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னார்: ஒரு வீட்டுக்காரர் தன் உயரத்தையே ஜன்னலின் உயரமாகக் கொடுத்துவிட்டார், திரைச்சீலை முழங்காலோடு நின்றுபோனது. இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்பெல்லாம் யாரையும் கேட்காமல் கையில் எடுத்தவர் அண்ணி. இப்போது எதற்கும் கேட்டார். குளிப்பாட்டும்போது தண்ணீர் இவ்வளவு சூடு போதுமா என்று கேட்டார். ஜன்னலைத் திறந்துவைக்கலாமா என்றார். மாஸ்டருக்குப் பிடித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தியை மேலே பிடித்தபடியே நின்றார்.

மத்தியானம் மாஸ்டர் தாகம் என்று சைகை காட்டினார். அண்ணி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதைப் பிழிஞ்சு குடுக்கலாமா?"

"என்னை ஏன் அண்ணி கேக்குறீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"முன்ன தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன்," என்றார் அண்ணி. குரலில் குத்தல் ஏதும் இல்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

"குடுக்கலாம் அண்ணி. ஒண்ணும் செய்யாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அண்ணி உள்ளே போனார். பழத்தை நறுக்கும் சத்தமும், டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தமும் கேட்டன. கொண்டுவந்து மாஸ்டரின் இடது கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, அவர் முகத்தையும் சின்னவளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.